வண்டியும் ஆடுது, கழுத்தும் பிடிக்குது: தோல், ஷூ தொழிற்சாலைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ராணிப்பேட்டை சிப்காட்டில் தொடங்கி மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இரண்டு புகார்கள் இரண்டு வேறு ஆட்களிடம் போகும். வண்டி இடித்தால் மெயின்டனன்ஸுக்கு, இடுப்பு பிடித்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு. பல நேரம் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தரையில் வைத்த பேலட் (பெட்டி அடுக்கும் பலகை) பேக்கிங் பெண்ணின் இடுப்பை வளைக்கிறது. அதே பேலட் பாதையில் துருத்திக்கொண்டு ஃபோர்க்லிஃப்டை மஞ்சள் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறது. அதனால் வண்டிக் கோளாறையும் உடம்புக் கோளாறையும் இங்கே பிரித்து வைக்கவில்லை.

ஆளைத் திட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். 3 மீட்டர் டேப், சாக்பீஸ், எடைத்தராசு, செல்போன் கேமரா இருந்தால் போதும்.

"லோடு தூக்கினா ஸ்டீயரிங் லேசாயிடுது"

ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. ஸ்டீயரிங் லேசானால் பின்சக்கரம் தரையை விடப் போகிறது என்று அர்த்தம். லோடை உடனே இறக்குங்கள். "ரெண்டு பேர் பின்னால ஏறி உக்காருங்கப்பா" என்று ஆளை எதிர்எடையாக்குவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. வண்டி முன்பக்கம் குத்தி மறுபடி பின்னால் விழும்போது அந்த இரண்டு பேர்தான் முதலில் அடிபடுவார்கள்.

முதலில் வண்டியில் அடித்திருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள். 2,500 கிலோ என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்திலேயே 500 மி.மீ. என்று இருக்கும். லோடின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால்தான் அந்த 2,500. முன் அச்சிலிருந்து அந்த முகம் வரை 45 செ.மீ. என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 95. 2,500 ஐ 95 ஆல் பெருக்கினால் 2,37,500. இப்போது 140 செ.மீ. நீளமுள்ள பெட்டியைத் தூக்கினால் நடுப்புள்ளி 70 செ.மீ. தள்ளிப் போகும், 45 ஐக் கூட்டினால் 115. 2,37,500 ஐ 115 ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 2,065 கிலோ. வண்டியும் டிரைவரும் மாறவில்லை. பெட்டியின் நீளம் மட்டும் 400 கிலோவுக்கு மேல் விழுங்கிவிட்டது. இந்தக் கணக்கு காரணம் புரிவதற்கு மட்டும்தான். எவ்வளவு தூக்கலாம் என்பதற்குத் தகடே முடிவு. ஃபோர்க்கில் நீட்டிப்போ பேரல் பிடிக்கும் கிளாம்போ மாட்டியிருந்தால் பழைய தகடு செல்லாது, வண்டிக் கம்பெனியிடம் புதிய தகடு வாங்க வேண்டும்.

தோல் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ந்த தோல் அடுக்கும் வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) அடுக்கும் ஒரே உயரத்தில் இருக்கும், எடை ஒன்றாக இருக்காது. வெட் ப்ளூ பேலட் ஒன்றை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, எத்தனை தோலுக்கு எவ்வளவு கிலோ என்று அடுக்கும் இடத்துச் சுவரிலேயே எழுதிவிடுங்கள்.

"தூக்கி நிறுத்தினா தானா இறங்குது"

தகட்டில் உள்ள அளவுக்கு லோடு ஏற்றித் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, மாஸ்டில் (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம்) சாக்பீஸ் கோடு போடுங்கள். 10 நிமிடத்தில் 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். சோதனை நடக்கும்போது ஃபோர்க்குக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது.

சிலிண்டர் தண்டிலோ ஓஸ் இணைப்பிலோ எண்ணெய் கசிந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் இறங்கினால் சிலிண்டருக்குள் இருக்கும் சீலோ கன்ட்ரோல் வால்வோ தேய்ந்திருக்கும். ஓஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், அட்டை நனையும் இடத்தில்தான் கசிவு. கையில் பட்டிருந்தால் "சின்னப் புள்ளிதானே" என்று விடாமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள், அழுத்த எண்ணெய் என்று சொல்லியும் அனுப்புங்கள்.

வண்டி நின்றிருக்கும்போதே செயினையும் அளந்துவிடலாம். கண்ணிக்குக் கண்ணி 15.875 மி.மீ. உள்ள செயினில் 20 கண்ணி புதிதாக 317.5 மி.மீ. இருக்கும். அது 327 ஐத் தொட்டால் 3 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும். செயின் முழுவதும் ஒரே மாதிரி தேயாது. கப்பி மேல் அதிகம் ஓடும் பகுதியில் அளக்க வேண்டும், செயின் முனையை மாட்டியிருக்கும் நங்கூரம் பக்கம் அளந்தால் எப்போதும் நல்லதாகவே காட்டும். ஃபோர்க் வளையும் குதிகால் பகுதி 40 மி.மீ.யிலிருந்து 36 க்கு வந்திருந்தால் அந்த ஃபோர்க்கின் ஆயுள் முடிந்தது. வெல்டு வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

"உள்ளே நுழையும்போது லாரி முன்னால நகருது"

ஏற்றுமதிப் பெட்டிகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரில் இது நடக்கும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் ஓர் அங்குலம் நகரும். பத்துப் பதினைந்து நடைக்குப் பிறகு டாக்குக்கும் (லோடு ஏற்றும் மேடை) கன்டெய்னருக்கும் நடுவே பள்ளம், பாலத் தகடு தொங்கும், முன்சக்கரம் இறங்கும்.

ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் முட்டுக்கட்டை வையுங்கள். வழியில் கிடந்த கருங்கல் வேண்டாம், அது சிமென்ட் தரையில் வழுக்கும். ஆப்பு வடிவ ரப்பர் கட்டைதான் பிடிக்கும். இழுக்கும் வண்டி கழன்று டிரெய்லர் மட்டும் நின்றால் மூக்குப் பக்கம் ஜாக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் கன்டெய்னரின் முன்கோடிக்குப் போகும்போது மூக்கு குத்திவிடும்.

இதைவிட முக்கியம் சாவி. லோடு முடிந்ததென்று நினைத்து டிரைவர் வண்டியை எடுப்பதுதான் மிக மோசமான விபத்து. லாரிச் சாவி குடோன் மேசைமேல் ஆணியில் தொங்கட்டும். கடைசிப் பெட்டி ஏறி, ஃபோர்க்லிஃப்ட் வெளியே வந்து, கதவு மூடிய பிறகு சாவி டிரைவர் கைக்குப் போகட்டும். டீ குடிக்கப் போகும் டிரைவரும் முணுமுணுக்கத்தான் செய்வார். பரவாயில்லை.

"ரிவர்ஸ்ல தட்டிடுச்சு"

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளீனர் பின்னால் நின்று பாடியைத் தட்டித் தட்டி "வா வா வா வா" என்பார். கேட் வாட்ச்மேன் வேறொரு பக்கம் "லெஃப்ட்ல ஒடி" என்பார். லோடுமேன் ஒருவர் "ஹோல்டேய்!" என்பார். டிரைவர் மூன்று குரலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்ஜின் சத்தத்தில் மூன்றுமே ஒன்றுதான்.

சைகை காட்டுபவர் ஒரே ஆள். அவர் டிரைவரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், வண்டிக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது. கண்ணாடியில் அவர் மறைந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும். குரல் வேண்டாம், கைச்சைகை மட்டும். "நில்" என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், அதற்கு டிரைவர் நின்றே ஆக வேண்டும். குட்டியானைக்கும் இதே விதிதான். சின்ன வண்டி என்று யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் அது அதிகம் தட்டுகிறது.

"குடோன் வாசல்ல மட்டும் அடிக்கடி மயிரிழையில தப்புது"

மே மாத வேலூர் வெயிலிலிருந்து இருட்டுக் குடோனுக்குள் நுழையும் டிரைவருக்கு முதல் சில நொடிகள் கண் தெரியாது. 10 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் போகிறது. மூன்று நொடிக் குருட்டு ஓட்டம் 8 மீட்டரைத் தாண்டும், அதற்குள் கன்வேயரே வந்துவிடும். டிரைவரை எத்தனை முறை எச்சரித்தாலும் அவர் கண்பாவை சீக்கிரம் விரியப் போவதில்லை.

வாசலில் நிறுத்தக் கோடு போட்டு, நின்று, ஹாரன் அடித்து, பிறகு உள்ளே நுழைவதை விதியாக்குங்கள். வாசலையொட்டிய முதல் பத்து மீட்டர் சுவருக்கு வெள்ளை அடியுங்கள், கூரையில் இரண்டு ஷீட்டை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் ஷீட் போடுங்கள். செலவு குறைவு, வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஆள் நடக்கும் வாசலையும் வண்டி வாசலையும் பிரிக்க முடிந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே மேல். வண்டிப் பாதைக்கு, ஒருவழி என்றால் லோடோடு சேர்ந்த அகலத்துக்கு மேல் 60 செ.மீ., இருவழி என்றால் இரண்டு வண்டி அகலத்துக்கு மேல் 90 செ.மீ. வேண்டும். கோடு மட்டும் போட்டால் ஒரே வாரத்தில் அதன்மேல் பெட்டி ஏறிவிடும். இரும்புக் கம்பம் நட்டால் ஏறாது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே கேட்டில் இறங்குவார்கள். அந்தக் கால் மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் சாவி யாரிடமும் இருக்கக் கூடாது.

டேனரிக்குள் (தோல் பதனிடும் ஆலை) தரையில் சுண்ணாம்புத் தண்ணீரும் கொழுப்பும் கலந்திருக்கும். கெட்டி டயர் அதில் சோப்புபோல வழுக்கும். சரிவில் லோடோடு போகும்போது லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும், அதாவது ஏறும்போது நேராக, இறங்கும்போது ரிவர்ஸில். காலி வண்டிக்கு அப்படியே தலைகீழ்.

"அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது, அப்புறம் நின்னுடுச்சு"

நாற்றம் நின்றதும் நிம்மதி அடையாதீர்கள், ஓடுங்கள். ஃபோர்க் முனை ஃபார்மிக் ஆசிட் கேனைக் குத்தி, அது சோடியம் சல்பைடு மூட்டைமேல் ஓடினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும், வாசனை காணாமல் போவது வாயு போனதற்கு அடையாளமே இல்லை. எல்லோரும் காற்று வரும் திசையை நோக்கி வெளியேற வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாமல் இறங்குபவர் இரண்டாவது பலி.

ஆசிட்டும் சல்பைடும் ஒரே பேலட்டில், ஒரே அறையில், ஒரே வடிகால் சரிவில் இருக்கக் கூடாது. கேன் ஏற்றும் பேலட்டைச் சுற்றிக் கட்டையோ தகரமோ வைத்து முனை படாமல் செய்யுங்கள். ஃபோர்க்கின் நீளம் பேலட்டைவிட நீட்டிக்கொண்டிருந்தால், நீட்டிய முனைதான் பின்னால் இருக்கும் கேனைக் குத்தும். பேலட் ஆழத்துக்கு ஃபோர்க்கில் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். டிரைவர் அந்தக் கோட்டோடு நிறுத்துவார்.

"டிரைவருக்கு ஒரு பக்கக் கழுத்து மட்டும் வலிக்குது"

இடதுகை ஸ்டீயரிங் குமிழில், வலதுகை லீவரில். ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பு ஒரே பக்கம்தான் திரும்பும். நாள் முழுக்க ரிவர்ஸ் ஓட்டினால் கழுத்தின் ஒரு பக்கமும் இடுப்பின் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். தைலம் தேய்ப்பதற்கு முன் ஏன் இவ்வளவு ரிவர்ஸ் என்று கேளுங்கள். முன்பார்வையை மறைக்கும் உயரத்துக்கு லோடு அடுக்குவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு வரிசை அட்டைப் பெட்டியைக் குறைத்தால் டிரைவர் முன்னால் பார்த்து ஓட்டலாம். நடை கூடும்தான். ஆனால் கழுத்து பிடித்தவர் பின்னால் முழுதாகத் திரும்பிப் பார்க்கமாட்டார், கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எடுப்பார். மேலே சொன்ன குடோன் வாசலில் மயிரிழையில் தப்பியவரை இவர் தட்டுவார்.

பின் தூணில் கைப்பிடி இருக்கிறதா? அதைப் பிடித்துத் திரும்பினால் சுமை தோளுக்குப் போகும், கழுத்து தப்பும். சீட்டுக்கு அடியில் எடைக் குமிழ் ஒன்று இருக்கும். பல வண்டிகளில் ஷோரூமை விட்டு வந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். 60 கிலோ டிரைவருக்கு 100 இல் வைத்திருந்தால் சீட் கட்டைபோல நிற்கும், 100 கிலோக்காரருக்கு 60 இல் இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் அடிவரை போய் இடிக்கும். டயர் தேய்ந்து, தரை இணைப்பில் பள்ளமும் இருந்தால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது. கெட்டி டயருக்கு சஸ்பென்ஷன் என்பதே தரைதான், அந்தப் பள்ளத்தை சிமென்ட் வைத்து மூடுங்கள்.

பெல்ட் இறுக்குகிறது என்று கழற்றுபவரிடம் ஒன்று சொல்லுங்கள். வண்டி கவிழும்போது குதிப்பவர்தான் கூரைக் கம்பிக்குக் கீழே சிக்குகிறார். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, கவிழும் பக்கத்துக்கு எதிரே சாய வேண்டும்.

"பேட்டரி வண்டி மதியமே சோர்ந்துடுது"

வெயில் காலத்தில் தண்ணீர் சீக்கிரம் குறையும். சார்ஜ் ஏறிய பிறகே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் சார்ஜில் பொங்கி அமிலம் வழியும். செல்லுக்குள் இருக்கும் தட்டு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், மூடும் அளவு ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். பேட்டரித் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முழு சார்ஜுக்கு 1.28 அளவில் காட்ட வேண்டும். எல்லா செல்லும் குறைவாக இருந்தால் சார்ஜ் போதவில்லை, ஒரு செல் மட்டும் குறைந்தால் அந்த செல்தான் கோளாறு. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். சார்ஜிங் அறை ஜன்னலைத் தூசிக்காக மூடிவைக்காதீர்கள். பீடிக்கு அங்கே இடமில்லை.

"ஸ்டிச்சிங்ல கை மரத்துப் போகுது"

"கை" என்று சொன்னால் போதாது, எந்த விரல் என்று கேளுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் கோளாறு முழங்கையில், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றித் தைக்கிறார். விளிம்பை உருட்டி ஃபோம் ஒட்டினால் இது பெரும்பாலும் தணியும். முன்னது அவ்வளவு சுலபமாகப் போகாது, மேசை உயரத்தைப் பார்க்க வேண்டும்.

வரிசை மாறாமல் அளக்க வேண்டும்: முதலில் கால், பிறகு இருக்கை, கடைசியில் மேசை. செருப்போடு உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளங்கள். 38 செ.மீ. என்று வையுங்கள். இருக்கையிலிருந்து மடக்கிய முழங்கை வரை 22. கூட்டினால் 60. தையல் கண்ணும் கையும் சேர்ந்த வேலை, அதனால் மேசை முழங்கையைவிட ஏறக்குறைய 5 செ.மீ. உயரமாக இருக்கலாம், அதாவது 65. உங்கள் மெஷின் மேசை 75 இல் இருக்கிறது. அந்த 10 செ.மீ.க்காக அவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு தைக்கிறார்.

இங்கேதான் எல்லோரும் பாதியில் நிறுத்துகிறார்கள். ஸ்டூலை 10 செ.மீ. உயர்த்திவிட்டால் கால் பெடலுக்கு எட்டாது. அவர் இருக்கை நுனிக்கு வந்துவிடுவார், தோள் வலி போய் இடுப்பு வலி வரும். பெடலையும் அதே 10 செ.மீ. உயர்த்த வேண்டும். ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்தில் பெடலைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, சட்டத்தை மேல் துளைக்கு மாற்றி, மோட்டாருக்குப் போகும் கம்பியையும் அதே அளவு குறையுங்கள். கம்பியைக் குறைக்காமல் விட்டால் பெடல் சாய்ந்தே நிற்கும். வேலை முடியும்வரை மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். தோலை அழுத்தும் பாதத்தை முழங்காலால் தள்ளித் தூக்கும் லிஃப்டரையும் அதே அளவு ஏற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் முன்னால் குனிந்தே தைக்கிறாரா? வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் நாற்காலியை விடுங்கள், வெள்ளெழுத்தாக இருக்கலாம். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் தெரியாமல் கண்ணைக் கொண்டுபோய் ஊசிக்குக் கிட்டே வைக்கிறார். ஊசி முனையில் சின்ன எல்.இ.டி. விளக்கும் அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடியும் போதும். "கண்ணாடி போட்டா வேலையை விட்டு எடுத்துடுவாங்களோ" என்ற பயம் லைனில் உண்டு. சூப்பர்வைசர் அக்கா ஒருவரே முதலில் கண்ணாடி போட்டு வந்தால் மற்றவர்களும் போடுவார்கள்.

"நின்னு நின்னு கால் வீங்குது"

கட்டிங் மேசையில் நிற்பவருக்கு 10 முதல் 15 செ.மீ. உயரக் கட்டை ஒன்று, மாறி மாறிக் கால் வைக்க. கீழே ரப்பர் பாய், அதன் ஓரம் சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தடுக்கும். கூடவே உட்கார ஏதாவது இருக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021 இலேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று.

"பேக்கிங்ல இடுப்பு விட்டுப்போச்சு", "டிராலி நகரவே மாட்டேங்குது"

இரண்டும் அடுத்தடுத்த புகார்கள்தான். முதலாவதுக்கு, காலி பேலட் இரண்டை அடியில் போட்டு அதன்மேல் அடுக்கத் தொடங்குங்கள், முதல் வரிசை ஏறக்குறைய 30 செ.மீ. மேலே வரும். எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் மேல்வரம்பு என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 25 கிலோ குரோம் மூட்டையை முதுகைத் திருப்பித் தூக்குவது அதைத் தாண்டிவிட்டது.

இரண்டாவதுக்கு, ஹேண்ட் பேலட் டிரக்கைத் தலைகீழாகச் சாய்த்து சக்கர அச்சைப் பாருங்கள். தையல் நூலும் தோல் நறுக்கும் சுற்றி உருண்டையாக நிற்கும். பிளேடால் அறுத்து எடுத்து, கிரீஸ் வையுங்கள். சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். பம்ப் அடித்தும் ஃபோர்க் ஏறவில்லை, அல்லது ஏறி உடனே இறங்குகிறது என்றால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். லோடு இல்லாமல், இறக்கும் லீவரைப் பிடித்தபடி கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை முழு வீச்சில் அடியுங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.

உயரம், வெளிச்சம், லோடு எல்லாம் மாற்றிய பிறகு இரண்டு வாரம் அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். மரப்பு குறையாவிட்டால் டாக்டர். இடுப்பு வலியோடு இரண்டு காலும் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் இடையே உணர்ச்சி இல்லை என்றாலோ இரண்டு வாரம் அல்ல, அன்று மாலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கம்பெனி வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.